சப்பரம் திரும்புகிற முக்கு

காரைக்குடிக்கு இன்டர்நெட் வந்த வருசம் பெனிட்டாவுக்கு இருபத்தாறு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சேவுகன் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தில் அவள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றெட்டின் கடைசியில் சேவுகன் மதுரைக்குப் போய் மூன்று கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். பிளைவுட் அடித்துத் தடுப்புகள் வைத்தான், ஒவ்வொன்றுக்கும் பச்சைத் திரை போட்டான், வாசலில் ‘பிரவுசிங் சென்டர்’ என்று போர்டு மாட்டினான். எல்லாம் முடிந்த பிறகுதான், இதை ஓட்டத் தெரிந்த ஆள் யார் என்ற கேள்வி அவனுக்கு வந்தது.

“நீ டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணுனவதானத்தா. அதே எழுத்துத்தான இதுலயும் இருக்கு. ஒக்காரு” என்றான்.

உட்கார்ந்தாள். ஒரு புத்தகம், நிறையத் தப்பு, கொஞ்சம் துணிச்சல். பொங்கல் கழிவதற்குள் மோடம் கீச்சிட்டுக் கரகரக்கிற சத்தத்தைக் கேட்டே லைன் நிற்குமா அறுந்துபோகுமா என்று சொல்லிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். காலேஜ் பிள்ளைகள் ‘அக்கா, அக்கா’ என்று அவளைச் சுற்றி வந்தார்கள். வாத்தியார்கள் இமெயில் முகவரி திறந்து தரச் சொல்லிக் காத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பயந்துகொண்டே ஒன்று கேட்பார்கள்: இதில் நாம் யார் என்று வெளியே தெரியுமா? அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள், “தெரியாதுங்க. இங்க யாருக்கும் யாரையும் தெரியாது. என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கலாம்.”

அந்தக் கடையில் அவளுக்கு இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள். டீக்கடையிலிருந்து டீ வந்தால் தன் டம்ளரை நீட்டுவாள். எந்த கிளாஸில் இவளுக்கு ஊற்றுவது என்று யாரும் யோசிப்பதற்கு முன்னாலேயே அந்தச் சங்கடத்தை அவளே தீர்த்துவைத்துவிட்டாள். சேவுகன் இதை அவளுடைய நல்ல குணம் என்று வருகிற போகிறவர்களிடம் சொல்வான். அடிபடுகிறவள் தானாக முதுகைக் காட்டிவிட்டால் அடிக்கிறவனுக்கு வேலை மிச்சம். நம் பக்கத்தில் அதற்குப் பெயர் நல்ல குணம்.

மானகிரிக்கு அப்பால் பஸ் நிற்கிற ஒரு ஊர் அவளுடையது. பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் ‘எங்க ஊர்ல மட்டுமா இருக்கு?’ என்று கேட்பார்கள், அதற்குப் பதில் கிடையாது. ஊரில் பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். பெனிட்டாவின் குடும்பம் ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆகிறது. பெயர் மாறியது, சாமி மாறியது, ஞாயிற்றுக்கிழமை மாறியது. கீழத்தெரு மட்டும் கீழத்தெருவாகவே இருந்தது. பூசைக்கு ஒரே கோயில்தான், உட்காருகிற பக்கம் வேறு. செத்தால் ஒரே கல்லறைத் தோட்டம்தான், நடுவில் ஒரு சுவர்.

ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா. ராத்திரி சப்பரம் ஊரைச் சுற்றி வரும். எல்லாத் தெருவுக்குள்ளும் போகும், வீட்டுக்கு வீடு நிற்கும், மாலை வாங்கும். கீழத்தெரு முக்குக்கு வந்ததும் திரும்பிவிடும். கேட்டால் தெரு குறுகல் என்பார்கள். பெனிட்டாவின் அப்பா அருள்சாமி ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வருசம் அவர் கயிறு எடுத்துச் சப்பரத்தின் அகலத்தை அளந்தார். அதே கயிற்றைக் கொண்டுவந்து தெருவில் பிடித்துப் பார்த்தார். தெருதான் பெரிது. முடிச்சுப் போட்ட கயிற்றைப் பங்குச் சாமியாரிடம் காட்டினார். “அகலம் சரிதான் அருள்சாமி, கரண்டுக் கம்பி தாழ்வா இருக்கே” என்றார் சாமியார். மனுவுக்கு மேல் மனுக் கொடுத்துக் கம்பியை உயர்த்த வைத்தார்கள். அடுத்த திருவிழாவில் கமிட்டிக்காரர்கள் சொன்னார்கள்: “பழக்கம் இல்லையேப்பா.”

அதே தெருவுக்குள் ரேஷன் லாரி வந்தது. வைக்கோல் வண்டி வந்தது. ஓட்டுக் கேட்கிற ஜீப் ரிவர்ஸ் எடுக்காமலே திரும்பிப் போனது. மரத்தில் செய்த ஒரு அந்தோணியாருக்கு மட்டும் வழி இல்லை. எங்கும் நிறைந்தவர் என்று வாரம் தவறாமல் பாடுகிறார்கள். எங்கே நிறையக் கூடாது என்று அவருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் ‘பழக்கம் இல்லையே’வுக்குப் பிறகு அருள்சாமி சப்பரம் பார்க்கப் போவதில்லை. கொட்டுச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பாயில் உட்கார்ந்துவிடுவார். பெனிட்டாவும் அவள் அம்மா செபஸ்தியம்மாளும் மெழுகுதிரியோடு முக்கில் போய் நிற்பார்கள். அப்பாவின் பிடிவாதம் பெனிட்டாவுக்குப் பிடிக்காது. உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, இவர் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைப்பாள்.

நம் ஆட்கள் சாதியை நேராகக் கேட்கமாட்டார்கள். அது நாகரிகம் இல்லையாம். எந்தத் தெரு என்பார்கள். யார் மகள் என்பார்கள். ஊருணிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பார்கள். பெனிட்டா பள்ளிக்கூடத்திலிருந்தே இந்தக் கேள்விகளுக்கு இடையில் குனிந்து நிமிர்ந்து வளர்ந்தவள். எதற்கு எந்தப் பதில் என்று வாயில் தயாராக வைத்திருப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண் ‘எந்த ஊருத்தா?’ என்று ஆரம்பித்தாலே அடுத்து வரப்போவது அவளுக்குத் தெரியும். வேறு பேச்சுக்குத் திருப்பிவிடுவாள், அல்லது தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வாள்.

கம்ப்யூட்டருக்குள் அந்தக் கேள்வி இல்லை.

அதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடை காலியாக இருக்கும். சேவுகன் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வருவான். ஒருநாள் காலேஜ் பிள்ளைகள் திறந்து வைத்துவிட்டுப் போன அரட்டை அறை ஒன்றுக்குள் அவளும் நுழைந்தாள். தமிழர்கள் பேசுகிற அறை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெனிட்டா என்ற பெயரை எங்கேயோ ஒருத்தி முன்பே எடுத்து வைத்திருந்தாள். அதனால் இவள் ‘தும்பை’ என்று வைத்துக்கொண்டாள். உள்ளே போனதும் எல்லாரும் கேட்டது மூன்றே மூன்று. வயசு, ஆணா பெண்ணா, இருக்கிற ஊர். அவ்வளவுதான். நாலாவது கேள்விக்காக அவள் காத்திருந்தாள். அது வரவே இல்லை.

அங்கேதான் மரிய ஆனந்த் வந்து சேர்ந்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம்.

“கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. எங்க அம்மா, ‘அப்படியே கடலுக்கும் ஒரு கோட்டு அடிச்சுட்டு வாடா’ங்குறாக” என்று எழுதினான்.

அவள் தனியாக, பச்சைத் திரைக்குப் பின்னால், சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

“உண்மையான பேரு என்ன?” என்று ரெண்டு வாரம் கழித்துத்தான் கேட்டான். சொன்னாள். “பெனிட்டாவா? அப்ப நம்ம ஆளுக” என்றான். அந்த ‘நம்ம’வுக்குள் தானும் இருப்பதாக அவள் எடுத்துக்கொண்டாள். யார்தான் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்?

பிறகு மெசஞ்சர் வந்தது. ஆள் அந்தப் பக்கம் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி முகம் மஞ்சளாக எரியும். இல்லை என்றால் சாம்பல் நிறமாகக் கிடக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த முகம் மஞ்சளாகும். அங்கே அவனுக்கு டீ நேரம். என்ன பேசினார்கள் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் சமைத்த குழம்பு கெட்டுப்போனது. இவள் படித்த புத்தகம். இவளிடம் வருகிற ஆட்கள். கொத்தமங்கலத்திலிருந்து தேனம்மை ஆச்சி அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு இமெயில் போட வருவார். அவர் பேசுவதை அப்படியே ஆனந்துக்கு அடித்து அனுப்பினால் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

“அவன் சாப்பிட்டானான்னு கேளு.”

“கேட்டாச்சு ஆச்சி. காலையில எந்திரிச்சுப் பாத்துட்டுப் பதில் போடுவாக.”

“அங்க இப்ப ராத்திரியா? அப்பறம் எதுக்குப் பிள்ளைய எழுப்புற?”

“எழுப்பாது ஆச்சி. பேசாம பொட்டிக்குள்ள கெடக்கும். அவுகளா தொறந்து பாத்தாத்தான் உண்டு.”

“எம் மருமக மாதிரின்னு சொல்லு” என்றார் ஆச்சி.

ஒருநாள் ஏதோ பேச்சில் ஆனந்த் எழுதினான்: “சாதி பாக்குறவன் மனுசனே இல்ல.” அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும், சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டானே என்று நினைத்துக்கொண்டாள். மேடையில் முழங்குகிறவன் வீட்டுக்குப் போய் எந்தச் செம்பில் தண்ணீர் குடிக்கிறான் என்று பார்க்க வேண்டும். ஆனால் இருபத்தாறு வருசம் காத்திருந்து கேட்ட ஒரு வாக்கியத்தைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை.

ஏப்ரலில் அவன் சொன்னான். ஜூன் மாதம் லீவில் வருகிறேன். அம்மாவோடு உன் வீட்டுக்கு வந்து பேசுகிறேன். போட்டோவெல்லாம் வேண்டாம், நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். செபஸ்தியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நின்றது.

“அவுகளுக்குத் தெரியுமாத்தா?”

“என்னம்மா?”

“என்னன்னு உனக்குத் தெரியாதா?”

“அங்க அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாகம்மா.”

“கேக்காத ஊரு எங்கத்தா இருக்கு?”

“கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு.”

செபஸ்தியம்மாள் நம்பவில்லை. ஆனால் மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததும் இல்லை. மறுநாளே சுண்ணாம்பு வாங்கி ஊறப்போட்டார். மாப்பிள்ளை வீட்டார் உட்கார நாற்காலி வேண்டுமே என்று, வேலை பார்க்கிற வீட்டில் பழைய பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கேட்டு வாங்கி வந்து கழுவிக் கவிழ்த்து வைத்தார். அருள்சாமி சுவரில் மழை அரித்த இடத்தைச் சிமென்ட் குழைத்துப் பூசினார்.

மே மாதம் ஒரு மத்தியானம். ஃபேன் அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. முகம் மஞ்சளானது.

“டிக்கெட் போட்டாச்சு. உங்க ஊர்த் திருவிழாவுக்கு அங்க இருப்பேன்.”

அவள் என்னென்னவோ அடித்தாள், அழித்தாள். கடைசியில் “வாங்க” என்று மட்டும் அனுப்பினாள்.

“அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாக. அன்னிக்கி ராத்திரி சப்பரம் உன் வீட்டு வாசலுக்கு எந்நேரம் வரும்? சரியா அந்நேரத்துக்கு நாங்களும் அங்க நிக்கிற மாதிரி வாரோம்.”

எந்தத் தெரு என்று கேட்டிருந்தால் அவள் உஷாராகியிருப்பாள். யார் மகள் என்று கேட்டிருந்தால் வாயில் இருந்த பதில் வந்திருக்கும். ஆனால் இது அப்படியா இருந்தது? தன் வீட்டு வாசலில் அவன் நிற்கிறான், பக்கத்தில் அவன் அம்மா, எல்லார் கையிலும் மெழுகுதிரி. அவள் பார்த்தது அதைத்தான். பஸ்ஸிலும் கடையிலும் பூட்டிப் பூட்டி வைத்திருந்த வாய், யாரும் யாரையும் கேட்காத அந்த ஊரில் மாதக்கணக்காகத் திறந்து கிடந்து பழகிவிட்டது. விரல்கள் அடித்துவிட்டன:

“எங்க தெருவுக்குள்ள வராது. முக்குலயே திரும்பிரும். நாம எல்லாரும் முக்குல நின்னு பாக்கலாம். அங்குட்டு நின்னா நல்லாத் தெரியும்.”

அனுப்பினாள். திரையில் கீழே, அவன் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது. பிறகு அதுவும் நின்றது. மஞ்சள் முகம் சாம்பலானது.

லைன் போயிருக்கும் என்று நினைத்தாள். மோடத்தைப் பார்த்தாள். அதன் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

மறுநாள் ரெண்டு மணிக்குச் சாம்பல். அதற்கு மறுநாளும். வேலை அதிகமாக இருக்கும். உடம்பு சரியில்லாமல் இருக்கும். டிக்கெட் விசயமாக அலைகிறானாக இருக்கும். இமெயில் போட்டாள், பதில் இல்லை. ஒரு வாரத்தில் காரணங்கள் தீர்ந்துபோயின. ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. தொந்தரவு செய்கிறவர்களை ஒதுக்கி வைக்க மெசஞ்சரில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கிவிட்டால், ஆள் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் ஒதுக்கப்பட்டவருக்கு அந்த முகம் எப்போதும் சாம்பலாகவே தெரியும். காலேஜ் பெண்களுக்கு அதைக் காட்டிக் கொடுத்ததே அவள்தான். சோதித்துப் பார்க்கவும் வழி தெரியும். தெரிந்துகொண்டே நாளைத் தள்ளினாள்.

ஜூன் பிறந்த பிறகு ஒரு மத்தியானம், சேவுகன் வீட்டுக்குக் கிளம்பியதும், புதுப் பெயர் ஒன்றைத் திறந்தாள். மெர்சி99. அதில் அவனைச் சேர்த்தாள்.

முகம் பளிச்சென்று மஞ்சளாக எரிந்தது.

தினமும் எரிந்திருக்கிறது. ரெண்டு மணிக்கு ரெண்டு மணி, டீ குடித்துக்கொண்டு, அங்கேயேதான் இருந்திருக்கிறான்.

“வணக்கம்” என்று அடித்தாள். வயசு, ஆணா பெண்ணா, ஊர். காரைக்குடிப் பக்கம் என்றாள்.

“மெர்சியா? அப்ப நம்ம ஆளுக. நான் சிங்கப்பூர்ல கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. எங்க அம்மா, ‘அப்படியே கடலுக்கும் ஒரு கோட்டு அடிச்சுட்டு வாடா’ங்குறாக.”

ஒரு எழுத்து மாறவில்லை.

அடுத்தது உடனே வந்தது. இந்தத் தடவை அவன் மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை. ஒருமுறை ஏமாந்தவன் அல்லவா.

“உங்க ஊர்ல திருவிழா எப்ப? சப்பரம் உங்க வீட்டு வாசலுக்கு வருமா?”

அவள் அடித்தாள். “வரும். எங்க வீட்டு வாசல்ல நிக்கும். எங்கய்யாதான் முத மாலை போடுவாரு.”

அடித்த பிறகுதான் அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பொய் சொன்னதற்காக இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்கிற மனிதர், வெள்ளை வேட்டியும் கையில் மாலையுமாக வாசலில் நிற்பது ஒரு நிமிசம் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

பதில் வந்தது: “நெனச்சேன். உங்க பேச்சுலயே தெரியுது நல்ல குடும்பம்னு.”

அதே பேச்சு. அதே விரல். அதே பிளைவுட் தடுப்பு. நடுவில் ஒரு தெரு மட்டும் மாறியிருந்தது. ஒரு மனுசியை அவள் பேச்சை வைத்து, சிரிப்பை வைத்து, அறிவை வைத்து மாதக்கணக்கில் எடை போட்டுத் தங்கம் என்று சொன்னவன், ஒரு மரச் சப்பரம் எந்த இடத்தில் திரும்புகிறது என்பதை வைத்துத் தகரம் என்று எறிந்தான். அவனுக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. வெளிநாட்டுச் சம்பளம் வாங்குகிறான், கடல்தாண்டிப் பேசுகிற மெசினை வைத்திருக்கிறான். அதில் அவன் முதலில் கற்றுக்கொண்டது, தன் பாட்டன் பஸ்ஸில் கேட்ட கேள்வியை அழகாகக் கேட்பது எப்படி என்பதை.

அவள் அடித்தாள்: “நான் பெனிட்டா.”

அழிக்கவில்லை. அனுப்பினாள்.

எழுதிக்கொண்டிருக்கிறான் என்று இந்தத் தடவை காட்டவே இல்லை. முகம் சாம்பலானது.

சேவுகன் தூங்கி எழுந்த முகத்தோடு உள்ளே வந்தான். “என்னத்தா, லைன் போயிருச்சா? இப்புடி ஒக்காந்திருக்க?”

“ஆமாண்ணே. போயிருச்சு.”

“டெலிபோன்காரனுகளத் திட்டணும்” என்றான் அவன். டீ வந்தது. அவள் மேசைக்கடியில் குனிந்து டம்ளரை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, வேறு என்ன செய்வது, நீட்டினாள்.

வீட்டில் செபஸ்தியம்மாள் வாசல் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். மகள் வருகிற நடையைப் பார்த்து மட்டையைக் கீழே வைத்தார்.

“கேட்டுட்டாகளா?”

“கேட்டுட்டாகம்மா.”

பாதிச் சுவர் வெள்ளையாகவும் பாதிச் சுவர் பழைய அழுக்காகவும் நின்றது. செபஸ்தியம்மாள் சுண்ணாம்புப் பானையை மூடிக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் வேலைக்குப் போகும்போது நாற்காலிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார்.

திருவிழா வந்தது. ஊருக்குள் வேட்டுப் போட்டார்கள். செபஸ்தியம்மாள் சப்பரத்துக்குக் காணிக்கையாகப் போட உப்பும் மிளகும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“வாத்தா, கெளம்பிருச்சு.”

“நீ போம்மா.”

அம்மா முக்குக்குப் போனார். போகாமல் இருக்க அவரால் முடியாது. கூப்பிட்டும் வராத சாமியை விடாமல் கும்பிடுகிறவர்களைப் பார்த்துக் கோபம்தான் வர வேண்டும். ஆனால் அந்த முக்கில் கையில் உப்போடு நிற்கிற ஒரு தாயைப் பார்த்தால் கோபப்படுவதற்கும் திராணி இருக்காது.

பெனிட்டா உள்ளே போனாள். அருள்சாமி வழக்கம்போலக் கதவைச் சாத்துவதற்காக எழுந்திருந்தார். மகளைப் பார்த்ததும் நின்றார்.

“முக்குக்குப் போகலையா?”

“இல்லைய்யா.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீகளே என்று போன திருவிழாவில் அவரிடம் சண்டை போட்டவள் அவள். அதைச் சொல்லிக் காட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் காட்டவில்லை.

“நீயும் இங்குட்டு வந்துட்டியா?” என்றார்.

கதவைச் சாத்தினார். பாயில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டார். கொட்டுச் சத்தம் நெருங்கி வந்தது. முக்கில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பியது.